வலி பார்க்க வந்தவர்கள்

ஹம்மாதிக்கு மச்சினன் மைமூன் வீட்டு ஆட்டின் மேல் பொறாமை. வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று சொல்லாமல் வைத்திருந்தாரே தவிர, பொறாமை நிஜம். அந்தக் கிழட்டு வெள்ளாடு தினமும் காலையில் வேலியைத் தாண்டி மைமூனின் கஞ்சா வயலுக்குள் புகும். நாலு வாய் மேயும். அப்புறம் அத்திமரத்தடியில் காலை நீட்டிப் படுத்து உச்சிவெயில் வரைக்கும் தூங்கும். அதனிடம் யாரும் மருத்துவர் சீட்டு கேட்டதில்லை. உனக்கு நிஜமாகவே வலிக்கிறதா என்றும் கேட்டதில்லை.

ஹம்மாதி தூங்கி மூன்று வருஷம் ஆகிறது. தெத்துவான் நகரத்தில் மேஸ்திரி வேலை பார்க்கும்போது சாரம் சரிந்து விழுந்தார். எலும்பு கூடிவிட்டது. இடுப்பில் நசுங்கிய நரம்பு மட்டும் கூடவில்லை. வலது காலில் அடுப்பைக் கட்டிவிட்ட மாதிரி ராவும் பகலும் எரிச்சல். கொடுத்த மாத்திரை எல்லாம் வயிற்றைக் கெடுத்ததோடு சரி. கடைசியில் நகரத்து நரம்பு மருத்துவர்தான், "உங்களுக்குக் கஞ்சாத் தைலம் கேக்கும். நாக்குக்கு அடியில அளந்து சொட்டு விடணும். இப்போ சட்டமே வந்தாச்சு, வாரியத்துல எழுதிக் கொடுத்து வாங்கிக்கோங்க" என்று சொன்னார். வாங்கிக்கோங்க என்பதை அவர் எவ்வளவு லேசாகச் சொன்னார் என்பதை ஹம்மாதி பிற்பாடு பலமுறை நினைத்துப் பார்த்தார்.

ஊரெல்லாம் கஞ்சா விளையும் ரீஃப் மலையில் இருந்துகொண்டு கஞ்சாவுக்கு அலைவதா என்று கேட்கத் தோன்றும். அவர் வீட்டு ஜன்னலைத் திறந்தால் தெரிவதே மைமூனின் வயல்தான். ஆனால் சட்டம் வந்ததிலிருந்து மைமூன் கூட்டுறவில் சேர்ந்து பெரிய மனிதனாகிவிட்டான். செடி ஒவ்வொன்றையும் எண்ணிவிட்டுப் போயிருந்தார்கள். ஒன்று குறைந்தாலும் உரிமம் பறிபோகும்.

"ஆடு மட்டும் தின்னலாமா மச்சான்?" என்று ஹம்மாதி ஒருநாள் கேட்டே விட்டார்.

"ஆட்டுக்கு இடம் இருக்கு. 'விலங்குச் சேதம்'னு படிவத்துல தனியா ஒதுக்கியிருக்காங்க. மச்சான் சேதம்னு ஒண்ணு இல்லையே, நான் என்ன பண்ண?" என்றான் மைமூன்.

சந்தைப் பக்கம் கள்ளத்தனமாகக் கிடைப்பதையும் ஒருதரம் புகைத்துப் பார்த்தார். நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. செத்துப்போன பெரியப்பா எதிரில் வந்து உட்கார்ந்து, "என் சுத்தியல் எங்கடா?" என்று விடாமல் கேட்டார். அதோடு அந்த யோசனையை விட்டுவிட்டார்.

நிவாரணச் செடி மேன்மை வாரியம் தெத்துவானில் இருக்கிறது. இடுப்புவலிக்காரர்கள் ஏறுவதற்கென்றே கட்டியது மாதிரி செங்குத்தான சலவைக்கல் படிகள். மின்தூக்கி உண்டு, அது அதிகாரிகளுக்கு. ஹம்மாதி கைப்பிடியைப் பிடித்து மேலே போய்ச் சேர்ந்தபோது, ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் மூக்கைச் சுளித்தாள். நுஸ்ஹா என்று பெயர்ப்பலகை சொன்னது.

"ஐயா, உங்க மேல வாசனை வருது."

"என்ன வாசனைம்மா?"

"கஞ்சா வாசனை."

"எங்க ஊர்ல எல்லார் மேலயும் வரும். இமாம் மேலயே வரும்."

"செடியோட தொடர்பு உள்ளவங்களுக்கு வாரியம் மருந்து தர்றதில்ல. விதி."

"தொடர்பெல்லாம் இல்லம்மா. ஜன்னல்தான் இருக்கு."

"அப்போ ஜன்னலைச் சாத்திட்டு வாங்க," என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

அடுத்த தடவை மீன்பிடிக்கும் மருமகனின் கோட்டை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு போனார். வண்டியில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் எழுந்து நின்றுகொண்டார்கள். நுஸ்ஹா மூக்கைப் பொத்திக்கொண்டே மனுவை வாங்கி முத்திரை குத்தினாள். மத்தி மீன் வாசனைக்கு எதிராக விதி எதுவும் இல்லை.

காத்திருப்புக் கூடத்தில் உட்கார்ந்தபிறகுதான் ஹம்மாதிக்குப் பொறாமை என்பது எத்தனை வகை என்று தெரிந்தது. அங்கே எல்லோரும் அடுத்தவர் வலியை ஓரக்கண்ணால் அளந்துகொண்டிருந்தார்கள். ஒருவர் முனகினால் எதிர்ப்பக்கத்துக்காரர் கொஞ்சம் கூடுதலாக முனகுவார். கைத்தடி வைத்திருந்தவர் ஊன்றுகோல் வைத்திருந்தவரை முறைத்தார். எல்லோருக்கும் நடுவில், தள்ளுநாற்காலியில், மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார் பூஸியான்.

பூஸியான் வேறு யாரும் இல்லை, ஹம்மாதியின் அடுத்த வீட்டுக்காரர். கை கால் இறுகிப்போகும் நரம்பு வியாதி. அதற்கு மூச்சு விடாமல் சொல்லவேண்டிய நீளத்தில் ஒரு பிரெஞ்சுப் பெயர். வாரியத்தின் பட்டியலில் முதல் வரியிலேயே அது இருந்தது. ஹம்மாதியின் வியாதிக்கு வெறும் 'வலி' என்றுதான் பெயர். பட்டியலின் அடியில், 'இதர' என்பதற்கும் கீழே கிடந்தது.

அந்த இரண்டு பேருக்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு. அந்த மலையில் கல்யாணமோ சுன்னத்தோ எதுவானாலும், தேநீர் ஊற்ற ஒன்று ஹம்மாதியைக் கூப்பிடுவார்கள், இல்லாவிட்டால் பூஸியானை. புதினாத் தேநீரைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து ஊற்றி, கண்ணாடிக் குவளையில் நுரை நிற்க வைப்பது லேசில் வராது. அந்த நுரைக்குத் தலைப்பாகை என்று பெயர். தலைப்பாகை கட்டாத தேநீரை விருந்தாளிக்குக் கொடுப்பது, வாசலிலேயே நிற்கவைத்துப் பேசுவதற்குச் சமம். யார் கட்டும் தலைப்பாகை உயரம் என்று ஊர் இரண்டாகப் பிரிந்திருந்தது. பூஸியானின் கை இறுகிப்போனபிறகு ஊர் ஒன்றாகிவிட்டது. அதில் ஹம்மாதிக்கு உள்ளூரக் கொஞ்சம் திருப்தி இருந்ததை மறைப்பதற்கில்லை.

"அண்ணே, உனக்குச் சும்மா வலிதானாமே?" என்றார் பூஸியான், பரிதாபப்படுகிற குரலில்.

"சும்மா வலிதான். உன்னை மாதிரி படிச்ச வியாதியெல்லாம் நமக்கு எங்க வரும்?" என்றார் ஹம்மாதி.

அப்போது வாரியத் தலைவர் பெர்ராதா கூடத்துக்குள் வந்தார். நோயாளிகளைப் பார்த்தால் அவருக்குப் பேச வந்துவிடும்.

"நண்பர்களே! இந்த வாரியம் ஆரம்பிச்சு மூணு வருஷம். இந்த மூணு வருஷத்துல எங்க மருந்தால யாருக்காவது தலைசுத்தல் வந்திருக்கா? வாந்தி? அடிமைப்பழக்கம்? பூஜ்யம்! ஒரு புகார் கிடையாது. வெளிநாட்டு நிபுணர்கள் வந்து, எப்படிங்க சாதிச்சீங்கன்னு கேக்குறாங்க. பொறாமை! அவங்க கண்ணுல தெரியுது, பொறாமை!"

பின்னாலிருந்து ஒருவர் மெதுவாகக் கேட்டார். "இதுவரைக்கும் எத்தனை பேருக்கு மருந்து கொடுத்திருக்கீங்க ஐயா?"

"அதைத்தானே சொல்லிட்டிருக்கேன். நிதானம்!" என்று பெர்ராதா கைகளை விரித்தார். "நிதானம்தான் எங்க ரகசியம். வலின்னு வாயால சொன்னா ஆச்சா? என்கிட்டயும்தான் தினம் சொல்றாங்க. வாரியம் தன் கண்ணால பாக்கணும். உங்க வீட்டுக்கே வந்து, இயல்பான சூழல்ல, வலியை நேர்ல பாப்போம். இந்த மரியாதையை உலகத்துல வேற எந்த வாரியம் கொடுக்குது?"

அந்த மரியாதை ஒரு வியாழக்கிழமை கறுப்புக் காரில் ஏறி மலைக்கு வந்தது. பெண் பார்க்க வருகிறவர்களைப்போல முன்கூட்டியே சொல்லியனுப்பியிருந்தார்கள். ஹம்மாதியின் பெண்சாதி யமீனா விடிகாலையிலேயே எழுந்து ரொட்டி சுட்டு, மொச்சைக்கூழ் காய்ச்சி, மேலே ஆலிவ் எண்ணெய் ஊற்றி வைத்தாள்.

"வந்தவுடனே முனகிடாதீங்க. பசியோட வருவாங்க. சாப்பிட்டப்புறம் முனகுங்க," என்று புருஷனிடம் சொல்லியும் வைத்தாள்.

ஹம்மாதி பாயில்தான் கிடந்தார். நாள் முழுக்க அப்படியே கிடப்பதாகத்தான் எண்ணம். ஆனால் வாசலில் செருப்புச் சத்தமும் ஸலாமும் கேட்டதும் உடம்பு தானாக எழுந்துகொண்டது. வீட்டுக்கு விருந்தாளி வந்து நிற்கும்போது படுத்திருக்க அவர் எங்கேயும் கற்றுக்கொள்ளவில்லை. காலில் தீ ஏறியது. பல்லைக் கடித்துக்கொண்டு கெண்டியைத் தூக்கினார். தலைக்கு மேலே தூக்கி, மெல்லிய நூலாகத் தேநீரை இறக்கினார். தலைப்பாகை ஒரு விரற்கடை உயரத்துக்கு எழும்பி நின்றது.

"எப்படி இருக்கீங்க?" என்றார் பெர்ராதா, குவளையை வாங்கிக்கொண்டே.

"அல்ஹம்துலில்லாஹ், ஒரு குறையும் இல்லை," என்றார் ஹம்மாதி.

"உடம்பெல்லாம்?"

"ஆண்டவன் புண்ணியத்துல நல்லா இருக்கு. நீங்க எப்படி? வீட்ல எல்லாரும் சௌக்கியமா?"

விருந்தாளி நலம் விசாரித்தால் வேறு என்ன சொல்வது? வாயில் ரொட்டி வைத்திருக்கிற மனிதரிடம், என் கால் எரிகிறது என்று சொல்லி அவர் சாப்பாட்டைக் கெடுக்கலாமா? நுஸ்ஹா ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டாள். பெர்ராதா இரண்டாவது தடவையும் கூழ் வாங்கிக் குடித்து, மூன்று குவளைத் தேநீர் முடித்து, மீசையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

அங்கிருந்து நேராகப் பூஸியானின் வீட்டுக்குப் போனார்கள். அவர் எழுந்திருக்கவில்லை. பெண்சாதி தண்ணீர் பிடிக்கப் போயிருந்ததால் குடிக்க ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்க ஆளில்லை. தலையைத் தூக்கி ஸலாம்கூடச் சொல்லவில்லையாம். வந்தவர்கள் சீக்கிரமே கிளம்பிவிட்டார்கள்.

தீர்ப்பு இரண்டு வீட்டுக்கும் ஒரே நாளில் வந்தது. ஹம்மாதிக்கு வந்ததை மைமூன் உரக்கப் படித்தான். "நோயாளி நின்றார். தேநீர் ஊற்றினார். தாம் நலம் என்று தாமே வாக்குமூலம் அளித்தார். வலி காணப்படவில்லை." பூஸியானுக்கு வந்ததில் 'அனுமதி' என்று ஒரே வார்த்தை. வாரியம் கொடுத்த முதல் அனுமதி என்பதால் பெர்ராதாவோடு அவரை நிற்கவைத்துப் படம் எடுக்க முயற்சி செய்தார்கள். நிற்க முடியாததால் உட்காரவைத்து எடுத்தார்கள்.

"மரியாதை தெரியாதவனுக்கு மருந்து! வீட்டுக்கு வந்தவனுக்கு எழுந்திருக்கத் தெரியாதவன் நாக்குல தைலம்! நான் தீயில நின்னுக்கிட்டு ஊத்தினேன் யமீனா, தீயில!" ஹம்மாதி அன்று முழுக்க இதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

"நின்னதுதான் தப்பு," என்றாள் அவள்.

பனி விழத் தொடங்கும் முன் பூஸியான் குச்சியை ஊன்றிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். அப்புறம் குச்சியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்தார். ஊற்றுக்குப் போய்த் தண்ணீர்கூடப் பிடித்து வந்தார். ஹம்மாதி இதையெல்லாம் ஜன்னல் வழியாகப் பார்த்துப் பார்த்து வயிறெரிந்தார். காலில் எரிவது போதாதென்று வயிற்றிலும் எரிய ஆரம்பித்ததுதான் மிச்சம். பொறுக்கமுடியாமல் ஒருநாள் அந்தச் சீசாவைப் பார்த்துவிடுவது என்று போனார்.

சின்னச் சீசா. கட்டைவிரல் உயரம்தான் இருக்கும். பூஸியான் அதை அலமாரியில் குர்ஆனுக்குக் கீழ்த்தட்டில், துணி விரித்து வைத்திருந்தார்.

"தூங்குறியா?" என்றார் ஹம்மாதி, சீசாவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"தூங்குறேன் அண்ணே. கனவுகூட வருது."

தூக்கத்துக்கே ஹம்மாதி பொறாமைப்பட்டுக்கொண்டிருந்தார். இந்த ஆளுக்கு அதில் கனவு வேறு இனாம். "உனக்கென்னப்பா, பாக்கியசாலி," என்றார்.

"நானா? போ அண்ணே." பூஸியான் முகம் சுருங்கியது. "அன்னிக்கு அவங்க உன் வீட்ல இருந்தப்போ ஜன்னல் வழியாப் பாத்துட்டுக் கிடந்தேன். கெண்டியைத் தூக்கினே பாரு, தலைக்கு மேல. எனக்குப் பல்லு நறநறன்னு அரைபட்டுச்சு. அப்புறம் என் வீட்டுக்கு வந்தாங்க. விருந்தாளி வந்து நிக்கிறான், நான் மூட்டை மாதிரி கிடக்கேன். தலையைத் தூக்கப் பாக்குறேன், வரல. அன்னிக்குச் செத்துப்போயிருக்கலாம்."

ஹம்மாதி சீசாவிலிருந்து கண்ணை எடுத்தார். அவன் எழுந்திருக்க முடியாமல்தான் கிடந்திருக்கிறான் என்பது அதுவரை அவருக்குத் தோன்றவே இல்லை. வெட்கமாக இருந்தது. ஆனாலும் வீட்டுக்குத் திரும்பும்போது, என் கெண்டியைப் பார்த்து அவன் பல்லைக் கடித்திருக்கிறான் என்ற நினைப்பு வந்ததும் மனசுக்குக் கொஞ்சம் இதமாக இருந்தது.

மேல்முறையீட்டை யமீனா பார்த்துக்கொண்டாள். வாரியம் மறுபடியும் வலி பார்க்க வரச் சம்மதித்தது. இந்தத் தடவை அவள் ரொட்டி சுடவில்லை, கூழ் காய்ச்சவில்லை. அடுப்பையே மூட்டவில்லை. வெள்ளி பூசிய அந்தக் கெண்டியைப் பார்த்தால் புருஷனின் கை நமநமக்கும் என்று, அதைத் தூக்கிக்கொண்டுபோய் பூஸியானின் பெண்சாதியிடம் கொடுத்து வைத்தாள்.

"எந்திரிச்சீங்கன்னா எங்கண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன். எப்படி இருக்கீங்கன்னு கேட்டா 'செத்துக்கிட்டிருக்கேன்'னு சொல்லணும். சொல்லுங்க பாப்போம்."

"செத்துக்கிட்டிருக்கேன்."

"சிரிக்காமச் சொல்லுங்க."

பெர்ராதாவும் நுஸ்ஹாவும் வந்தார்கள். ஹம்மாதி எழுந்திருக்கவில்லை. உடம்பு முழுக்க வெட்கத்தில் வேர்த்தது. கண்ணை மூடிக்கொண்டு பாயை இறுகப் பிடித்துக்கொண்டார். பெர்ராதா சுற்றும் முற்றும் பார்த்தார். வெறும் தட்டைப் பார்த்தார். நெருப்பில்லாத அடுப்பைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"எப்படி இருக்கீங்க?"

"செத்துக்கிட்டிருக்கேன்," என்றார் ஹம்மாதி. சொன்னதும் அவர் கண்ணில் நீர் வந்தது. அதில் நடிப்பு எதுவும் இல்லை. மூன்று வருஷத்தில் முதல்முறையாக அதை அவர் வாய்விட்டுச் சொல்லியிருந்தார்.

பெர்ராதா தலையாட்டினார். "ம். இப்போ தெரியுது. முகத்துலயே வலி தெரியுது. நுஸ்ஹா, எழுதிக்கோ. அனு..."

அந்த நேரத்தில் கதவு திறந்தது.

பூஸியான் நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் தட்டு, தட்டில் குவளைகள், இன்னொரு கையில் ஹம்மாதியின் கெண்டி. கெண்டி மூக்கிலிருந்து புதினா ஆவி வந்துகொண்டிருந்தது. அதிகாரிகள் வந்து இவ்வளவு நேரமாகியும் குவளைச் சத்தம் கேட்கவில்லையே, தெருவுக்கே அவமானமாயிற்றே என்று அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"அண்ணே முடியாமக் கிடக்காருங்க. நீங்க தப்பா நினைக்காதீங்க. அடுத்த வீடும் இந்த வீடும் ஒண்ணுதான்," என்று சொல்லிக்கொண்டே கெண்டியைத் தூக்கினார். தோளுக்கு மேலே தூக்கினார். தலைக்கு மேலேயும் தூக்கினார். கை நடுங்கவே இல்லை. தேநீர் பட்டுநூல் மாதிரி இறங்கியது. தலைப்பாகை எழும்பியது.

பெர்ராதா ஒரு வாய் உறிஞ்சினார். கண்ணை மூடினார். "இந்த மலையில இப்படி ஒரு தேநீர் நான் குடிச்சதே இல்லை," என்றார்.

யமீனா புருஷனைப் பார்த்தாள். பார்த்தவுடனே அவளுக்குப் புரிந்துவிட்டது. "ஏங்க, வேணாம்," என்றாள்.

ஹம்மாதி எழுந்துவிட்டார். எப்படி எழுந்தார் என்று அவருக்கே தெரியாது. "குடிச்சதில்லையா? போன தடவை மூணு குவளை குடிச்சது எங்க போச்சு? குடுடா என் கெண்டியை! என் வீட்ல நான்தான் ஊத்துவேன்!"

"நீ படு அண்ணே. நான் ஊத்துறேன்."

"என்னைப் படுக்கச் சொல்ல நீ யாரு? விடுடா!"

கெண்டியை இருவரும் இழுத்தார்கள். ஹம்மாதி பிடுங்கிக்கொண்டார். பாயின் மேலேயே ஏறி நின்று, கூரை இடிக்கும் உயரத்துக்குத் தூக்கி ஊற்றினார். கால் பற்றி எரிந்தது. அவர் சட்டை செய்யவில்லை. பூஸியான் மறுபடி பிடுங்கி முக்காலியின் மேல் ஏறினார். பெர்ராதா ஒவ்வொரு குவளையாக வாங்கி உறிஞ்சி, "ஆஹா" என்றும் "அடடா" என்றும் சொல்லிக்கொண்டிருந்தார். நுஸ்ஹாகூட இரண்டு குடித்தாள். கெண்டி காலியானபிறகுதான் இரண்டு பேரும் நின்றார்கள். நின்றபிறகுதான், தாங்கள் நின்றுகொண்டிருக்கிறோம் என்பது இரண்டு பேருக்கும் தெரிந்தது.

பெர்ராதா நெகிழ்ந்துபோய் எழுந்தார்.

"என்ன ஆரோக்கியம்! என்ன வலு! இதுதான் நம்ம நாடு. ரெண்டு நோயாளிகளைப் பாக்க வந்தேன், ரெண்டு இளைஞர்களைப் பாத்துட்டுப் போறேன். நுஸ்ஹா, எழுதிக்கோ. முதலாமவர்: வலி காணப்படவில்லை. ரெண்டாமவர்: பூரண குணம். குணமானவருக்கு மருந்து எதுக்கு? அனுமதி ரத்து. மீதியை வாங்கிக்கோ."

"ஐயா, அந்த மருந்தாலதானே நான் நிக்கிறேன்!" பூஸியானின் குரல் கிறீச்சிட்டது.

"அதையேதான் நானும் சொல்றேன். நிக்கிறீங்க," என்றார் பெர்ராதா அன்போடு. "நின்னுட்டீங்க, இனி எதுக்கு? இது வாரியத்தோட முதல் வெற்றி. நூத்துக்கு நூறு குணம்! இதைக் கேட்டா வெளிநாட்டுக்காரன் வயிறெரிஞ்சே செத்துடுவான்."

நுஸ்ஹா அடுத்த வீட்டுக்குப் போய்ச் சீசாவை எடுத்து, உறையில் போட்டு, அரக்கு வைத்தாள். கார் வளைவில் திரும்பி மறைந்தது. மைமூனின் வயல் ஓரமாக ஆடு வாயை அசைத்துக்கொண்டே அதை வேடிக்கை பார்த்தது.

ஹம்மாதியும் பூஸியானும் சுவரில் முதுகைச் சாய்த்து அருகருகே உட்கார்ந்தார்கள். ஒருவருக்கு இடுப்புக்குக் கீழே தீ மூண்டுகொண்டிருந்தது. இன்னொருவர் தன் விரல்களை மடக்கி நீட்டி, மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் எத்தனை நாளைக்கு அவை மடங்கும் என்று அவருக்குத் தெரியும். யமீனா முதுகைக் காட்டிக்கொண்டு குவளைகளைப் பொறுக்கினாள். அழுகிறாளா என்று பார்க்க ஹம்மாதிக்குத் தைரியம் வரவில்லை.

"யமீனா," என்றார்.

அவள் அடுத்த குவளையை எடுத்தாள்.

"உண்மையைச் சொல்லு. யாரோட தலைப்பாகை உயரமா நின்னுச்சு?"

யமீனா தட்டைக் கீழே வைத்தாள். புருஷனைப் பார்த்தாள், அடுத்த வீட்டுக்காரரைப் பார்த்தாள்.

"அவரோடதுதான்," என்றாள்.

பூஸியான் கண்ணை மூடிச் சிரித்தார். ஹம்மாதி சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, அன்றைக்கு முதல்முறையாக, வாய்விட்டு முனகினார்.